வாசலில் விடும் செருப்பு

பெண்கள் செருப்பு ஏழாம் நம்பரோடு முடிந்துவிடும். கொஞ்சம் பெரிய கடையாக இருந்தால் எட்டு கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் ஆம்பளைச் செருப்பு தொங்கும் பக்கம் கையைக் காட்டுவார்கள். என் கால் பத்து.

இது எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் தெரியவந்தது. தொண்ணூறுகளின் கடைசி. நான் புடவை கட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கடைக்காரர் தெற்கத்திக்காரர். நான் படியில் கால் வைத்ததுமே கல்லாவிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தா, ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கெளம்பு. யாவார நேரம்."

"கடை கேக்க வர்ல அண்ணாச்சி. செருப்பு வாங்க வந்தேன்."

நாங்கள் கடை கடையாகப் போய்க் கை தட்டி, வாழ்த்திக் காசு வாங்குவோம். அதற்குக் கடை கேட்பது என்று பெயர். நான் வாடிக்கையாளராக வந்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றாததில் தப்பில்லை. நாணயத்தைத் திரும்பக் கல்லாவில் போட்டுவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"அக்காவுக்கு."

"என்ன நம்பரு?"

எனக்குத் தெரியாது. அதுவரை நான் செருப்பு வாங்கியதே இல்லை. வீட்டில் இருந்தவரை அப்பாவின் பழைய செருப்புகள். வீட்டை விட்டு வந்த பிறகு யாராவது விட்டுப்போன ரப்பர் செருப்பு. "என் சைசுதான் இருக்கும்" என்றேன். அவர் மேசைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார்.

"ஒங்க அக்காவுக்கு இம்புட்டுப் பெரிய காலா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கிண்டலாக இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். எங்களுக்கு அது நன்றாக வரும். "லேடீஸ்ல இதுக்கு அச்சே கெடையாதும்மா. கம்பெனிக்காரன் அடிக்கவே மாட்டான்" என்று பொறுமையாகச் சொன்னார். நான் ஆம்பளை ரப்பர் செருப்பில் பத்தாம் நம்பர் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அப்போது நாங்கள் சில பேர் ஒரு குருவின் கீழ் திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் இருந்தோம். காலையில் கண்ணாடிக்குத்தான் சண்டை. முடியை வளர்த்துவிடலாம். மீசையைச் சிமிட்டாவால் பிடுங்கிவிடலாம். மார்புக்குத் துணி வைக்கலாம். குரலைக்கூட ஒரு மாதிரி பழக்கிவிடலாம். பாதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முகத்தைப் பார்த்து ஒரு சந்தேகம் வரும். உடனே கண் கீழே இறங்கும். முதலில் கைக்கு, பிறகு காலுக்கு. காலைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும். அந்தத் தீர்ந்த முகத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டே உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இப்போதும் அப்படித்தான் உட்காருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒருத்திக்கு ஆறாம் நம்பர் கால். அவளுக்கு முகம் சுமார்தான், மீசை அடர்த்தி. ஆனாலும் வீட்டுக்குள் கொலுசைக் குலுக்கிக்கொண்டு நடப்பாள். "மூஞ்சிய முக்காடு போட்டு மூடிக்கலாம்டி. கால மூடிகினு எப்டி நடப்ப?" என்பாள். எனக்குக் கொலுசு வாங்கினால் இரண்டு கண்ணி சேர்த்து ஒட்ட வேண்டியிருக்கும்.

காசிமேட்டில் மட்டும் இந்தத் தொல்லை கிடையாது. விடியற்காலை ஏலத்துக்குப் போவேன். மீன் கேட்டு வாங்கி வந்தால் வீட்டில் எல்லாருக்கும் குழம்பாகும். அங்கே மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் தண்ணீரிலேயே நின்று நின்று பாதம் அகன்று, விரல் பிரிந்து, குதிகால் வெடித்துக் கிடக்கும். என் காலை அவர்கள் காலுக்கு நடுவே வைத்தால் தனியாகத் தெரியாது. வேலையே இல்லாவிட்டாலும் அங்கே போய் நின்றிருக்கிறேன். ஒரு இடத்தில் உட்காரும் சுபாவம் எனக்கு எப்போதும் கிடையாது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வந்தவள், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தே போய்விட்டு நடந்தே திரும்புவேன். யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாததும் ஒரு வசதி என்று அப்போது நினைத்தேன்.

காசிமேட்டில்தான் எங்கள் பழைய தெருப் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு, அப்பா இறந்துபோய் ஆறு மாதம் ஆகிறது என்று சொன்னாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என்னை அடித்துத் துரத்தியதும் அவர்தான். அம்மா முன்பே இல்லை. மிச்சம் இருந்தது அக்கா ஒருத்தி. கல்யாணமாகி எர்ணாவூர்ப் பக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கிறாள், மாமாவுக்கு மணலியில் கம்பெனி வேலை என்று அந்தப் பெண்தான் இடம் சொன்னாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அக்காவுக்கு என்னைத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். "சில்ற இல்லம்மா, வேற வூட்டப் பாரு" என்று கதவைச் சாத்தப் போனாள். நான் நகரவில்லை. அவள் பார்வை கீழே போனது. போன இடத்திலேயே நின்றது.

"அப்பா காலு" என்றாள்.

பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சாமி படம், நடுவில் தூளியில் குழந்தை. அக்கா சோறு போட்டாள். என்னை டா என்றும் கூப்பிடவில்லை, டி என்றும் கூப்பிடவில்லை. அந்த இடம் வருவதற்குள் பேச்சை முடித்துவிடுவாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாமாவுக்குப் பகல் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் போனேன். மத்தியானம் டிவியில் சீரியல் ஓடும் நேரம். தாழ்வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஏறிப் போய், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். குழந்தை என் மடியில் தூங்கும். அக்கா எதையாவது ஆய்ந்துகொண்டே தெருக் கதையெல்லாம் சொல்வாள். மாமா என்னைப் பார்த்ததே கிடையாது. தம்பி பம்பாயில் வேலையில் இருக்கிறான் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒருநாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்காராமல் அடுப்புப் பக்கமே நின்றாள்.

"இனிமே வர வேணாம்."

"இன்னாச்சுக்கா?"

"பக்கத்து வூட்டு அத்தை கேக்கறா. 'மாப்ள ஷிப்ட்டுக்குப் போன நேரமா பாத்து வாசல்ல ஆம்பள செருப்பு கீதே, யாருது?'ன்றா. நான் இன்னான்னு சொல்ல?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் என்னை ஆம்பளையும் இல்லை என்று விரட்டுகிறார்கள், இங்கே என் செருப்பு மட்டும் ஆம்பளையாகி அக்காவின் பேரைக் கெடுக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பின்னு சொல்லேன்."

"தம்பின்னா, 'கூப்புடு பாக்கலாம்'னுவா."

"தங்கச்சின்னு சொல்லு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பித் தீயைக் குறைத்தாள். செருப்பை உள்ளே கொண்டுவந்து வைத்தால் சாமி படம் இருக்கிறது. வெறுங்காலோடு வருகிறேன் என்றேன். "அப்டியெல்லாம் பிச்சக்காரி மாரி வராத" என்று கோபப்பட்டாள். சோற்றுத் தட்டை எடுக்கும்போது தனக்குத் தானே சொல்வதுபோல, "பொம்பள செருப்பா இருந்தாக்கூடப் பரவால்ல, யாரும் கேக்க மாட்டாங்கோ" என்றாள்.

இப்படியாகத்தான் ஒரு ஜோடி செருப்பு எனக்குப் பெரிய விஷயமானது. அது இருந்தால் அக்கா உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு நிர்வாணம் முடிவாகியிருந்தது. ஆண் குறியை எடுத்துவிடும் ஆபரேஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் மூத்தவள் ஒருத்தி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். "ஆம்பள ரத்தம் பூரா எறங்கிப்பூடும். அப்பால ஊர்றது அத்தினியும் பொம்பள ரத்தம். தோலு பூ மாரி ஆய்டும். கை, மூஞ்சி எல்லாம் எளச்சி வந்துரும்."

"பாதமும் எளைக்குமா?"

"பாதம் இன்னா தனியாவாடி கீது? அதுவும் ஒடம்புலதான கீது."

நான் நம்பினேன். எங்களில் பல பேர் ஏதோ ஒன்றை அப்படி நம்பியிருந்தோம். ஒருத்தி குரல் மாறும் என்று காத்திருந்தாள், ஒருத்தி தோள் குறுகும் என்று. இன்று யோசித்தால் எலும்பு எப்படிக் குறுகும் என்று தோன்றுகிறது. அன்று அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் யாரிடம் கேட்டிருப்பேன்?

ஆபரேஷனுக்காக ஆந்திராவுக்குக் கிளம்புவதற்கு முன் அதே அண்ணாச்சி கடைக்குப் போய் எட்டாம் நம்பரில் ஒரு ஜோடி எடுத்தேன். மெரூன் நிறம், மெல்லிய வார், மேலே பாசிமணியில் ஒரு பூ.

"அக்காவுக்கு எட்டு ஆகுமா?" என்றார்.

"ஆகும் அண்ணாச்சி. கொஞ்ச நாள் போனா ஆகும்."

"அதெப்படி? வளருற புள்ளையா இருந்தாலும் நாள் போனா பெருசால்லா ஆகும்!"

சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நானும் சிரித்தேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலித்தது. பிழைத்தேன். திரும்பி வந்தபின் நாற்பது நாள் ஒரு அறையில் வைத்தார்கள். குளிக்கக் கூடாது, ஆண் முகம் பார்க்கக் கூடாது, கண்ணாடியும் பார்க்கக் கூடாது. கடைசி நாள் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய பிறகுதான் கண்ணாடியைக் காட்டுவார்கள். அதுவரை என் உடம்பில் என் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருந்தது பாயின் கடைசியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள்தான். ரயில் போகும்போது சுவர் அதிரும். பாதங்களும் லேசாக ஆடும். பகல் முழுவதும் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரத்தம் நிறையப் போயிருந்தது. சாப்பாடும் கட்டுப்பாடு. உடம்பு வற்றியதில் பாதமும் வற்றியது. நரம்பு தெரிந்தது, தோல் வெளுத்தது. ஒருநாள் யாரும் இல்லாதபோது பொட்டலத்தைப் பிரித்து வலது செருப்பை மாட்டிப் பார்த்தேன். விரல்கள் வாருக்குள் போயின. குதிகால் கொஞ்சம்தான் வெளியே இருந்தது. இன்னும் நாள் இருக்கிறது, உள்ளே போய்விடும் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் சந்தோஷமாகப் படுத்திருந்த நாள் அதுதான் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்.

நாற்பதாம் நாள் விடிவதற்குள் பச்சைப் புடவை கட்டி, பால் குடத்தைத் தலையில் வைத்துக் கடலுக்கு அழைத்துப் போனார்கள். திருவொற்றியூரில் அப்போதே மணல் போய்விட்டது. கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். வெறுங்காலோடு அந்தக் கல்மேல் ஏறி நின்று பாலைக் கடலில் ஊற்றினேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி காட்டினார்கள். எல்லோரும் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. கறிச்சோறு போட்டார்கள். அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தேன். உடம்பில் ரத்தம் ஊறியது. அது எந்த ரத்தமோ தெரியாது. பாதங்கள் பழைய பாதங்களாயின. ஒரு மாதம் கழித்து மாட்டிப் பார்த்தபோது இரண்டு விரல் அகலத்துக்குக் குதிகால் வெளியே நின்றது.

மூத்தவளிடம் காட்டினேன். அவள் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு நாளாவும்" என்றாள்.

அதன்பிறகு பல மாதங்கள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. எர்ணாவூர் வரை நடந்து, கட்டடம் கண்ணுக்குத் தெரிந்ததும் திரும்பிவிடுவேன். மூன்றாவது மாடியில் துணி காயும். அதில் குழந்தையின் கவுன் பெரிதாகிக்கொண்டே வந்தது அங்கிருந்தே தெரியும். ஒருமுறை அக்கா வெளியே வந்து துணியைத் திருப்பிப் போட்டாள். நான் லாரிக்குப் பின்னால் நின்றேன். ஏன் மறைந்தேன் என்று தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அப்படித் திரும்பி வந்த ஒருநாள், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று உறைத்தது. அக்கா கேட்டது வாசலில் இருக்கும் செருப்பைத்தான். அது என் காலுக்குச் சேர வேண்டும் என்று யார் சொன்னது? இவ்வளவு சின்ன விஷயம் ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று என் மீதே எரிச்சல் வந்தது. நான் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதனால்தான் தோன்றவில்லை.

அடுத்த வாரம் போனேன். மாடிப்படிக்குக் கீழே ரப்பர் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மெரூன் ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, அக்கா வீட்டு வாசலில் ஒரு பெண் கழற்றிவிட்டுப் போனதுபோல் ஒன்றைக் கொஞ்சம் முன்னே, ஒன்றைக் கொஞ்சம் பின்னே வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

கதவைத் திறந்த அக்கா முதலில் அதைத்தான் பார்த்தாள். பிறகு என் வெறுங்காலைப் பார்த்தாள். புரிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது சின்ன வயதில். "வா" என்றாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. குழந்தை என்னை மறந்திருந்தது. முதலில் பயந்து அக்கா காலைக் கட்டிக்கொண்டது, பிறகு என் வளையலுக்காகக் கிட்டே வந்தது. நான் நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

"யாருடீ வந்துகீறது? புது செருப்பா கீதே!"

கதவு தட்டாமலே திறந்தது. பக்கத்து வீட்டு அத்தை. பெரிய உடம்பு, வாயில் வெற்றிலை.

நாங்கள் இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை. ஆம்பளைச் செருப்பு இருந்த நாளெல்லாம் வெளியே நின்று ஊகம்தான் பண்ணினார்கள், யாரும் உள்ளே வரவில்லை. பெண் செருப்பு இருந்தால் விருந்தாளி வந்திருக்கிறாள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரி வராமல் இருப்பாளா?

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நான் காலை இழுப்பதற்குள் காலையும் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். இப்போது ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று சோற்றில் கையை வைத்தபடி காத்திருந்தேன்.

"பாப்பா ராவெல்லாம் வீல்வீல்னு அழுவுது அத்தே" என்றாள் அக்கா. "அதான், இவங்கள இட்டாந்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்லலாம்னு."

சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அத்தச் சொல்லு! நான் யாரோ இன்னாவோன்னு பாத்தேன்" என்று அத்தை வசதியாக உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். "சோறும் போட்டியா? ரொம்ப நல்லதுடீ. இவங்க வயிறு நெறஞ்சா வூட்டுக்கு ஒரு கொறையும் வராது."

நான் எழுந்து கை கழுவினேன். வேறென்ன செய்ய? கடை கடையாகச் செய்கிற வேலைதான். கையைத் தட்டி, குழந்தையின் தலையில் கை வைத்து, நல்லா இரு, நூறு வருஷம் இரு என்று கடைத்தெருக் குரலில் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தை அழுதது. அக்கா மேலே சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தந்தாள். அதைக் குழந்தைக்கு மூன்று முறை சுற்றி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கும்போது அவள் விரல் சில்லென்று இருந்தது.

"எம் பொண்ணுக்கும் ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாள் அத்தை. "கட்டிக் குடுத்து மூணு வருசமாச்சி, இன்னும் வயித்துல ஒண்ணும் தங்கல." சொல்லிக்கொண்டே, அந்தப் பெரிய உடம்போடு முட்டி போட்டு, என் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் பாதத்தை அதற்கு முன் யாரும் அப்படித் தொட்டதில்லை. "தங்கும், போ" என்றேன்.

கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்து நின்றாள். அவள் கண்முன்னே அந்தச் செருப்பை மாட்ட வேண்டியதாயிற்று. விரல்களைத் திணித்தேன். குதிகால் தரையில் கிடந்தது.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ சின்னதப் போட்டுகினு பேஜார் பண்ணிக்கிற? ஆம்பள செருப்பா ஒண்ணு வாங்கிக்க. காலுக்கு சொகமா இருக்கும்" என்றாள் அத்தை.

கதவுக்குள் நின்றிருந்த அக்கா குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடியையும் அந்தச் செருப்போடுதான் இறங்கினேன். மறுநாள் அதை வீட்டில் ஆறாம் நம்பர்க்காரிக்குக் கொடுத்துவிட்டேன். முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்து அவள் வெகுநாள் போட்டாள்.

அடுத்த வருஷம் அத்தையின் பெண்ணுக்குக் குழந்தை தங்கியது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஹவுசிங் போர்டில் நாலு பிளாக்குக்கும் சேதி போய்விட்டது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், "மூணாவது மாடிக்கு வருமே, அந்த அரவாணியம்மாவைக் கூப்புடு" என்றார்கள். திருநங்கை என்ற சொல்லெல்லாம் பிற்பாடு வந்ததுதான். எந்த நேரமும் போகலாம், எந்தச் செருப்பிலும் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மாமாவே ஒருநாள் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லுங்க என்று தலையைக் குனிந்து நின்றார். ஒழுங்கான மனிதர்தான். தலையில் நல்லெண்ணெய் வாசனை. வேலை போகாது என்று சொன்னேன்.

அக்கா வீட்டுக் கதவு எனக்குத் திறந்தேதான் இருந்தது. அந்தக் கதவுக்குள் எனக்குப் பின்னாலேயே யாராவது வந்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு வீட்டுக்காரன் குடி. எல்லோர் எதிரிலும் அக்கா மற்ற வீடுகளைப்போலவே முறத்தில் அரிசியும் வெற்றிலையும் வைத்துத் தருவாள். நானும் மற்ற வீடுகளைப்போலவே வாங்கிக்கொள்வேன். அவள் எதிரே உட்கார்ந்து தெருக் கதை கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். கீழே மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். ரப்பர் செருப்பை மற்றவர்கள் செருப்புக் குவியலோடு விட்டுவிட்டுப் போய் ஓரமாக நின்றேன். ஆசாரி ஊசியை எடுத்துவைத்துவிட்டு, "மாமன் எங்க? மடியில வெச்சுக்கணும்ல" என்றார்.

"மாமன் பம்பாய்ல கீறான்" என்றார் மாமா.

"தாய்மாமன் சீரு கூடவா அனுப்பல?" என்று யாரோ ஒரு கிழவர் கேட்டார். யாரோ சிரித்தார்கள். மாமாவின் உறவில் ஒரு பையனை உட்காரவைத்து, அவன் மடியில் குழந்தையை வைத்தார்கள். அவனுக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. தலை ஆடிக்கொண்டே இருந்தது. முதல் காது குத்தியதும் குழந்தை கத்திய கத்தலில் எனக்குக் கை தானாக முன்னே போனது. பக்கத்தில் நின்ற அத்தை, "இரும்மா, குத்தி முடிக்கட்டும், அப்பால ஆசீர்வாதம் பண்ணலாம்" என்று கையைப் பிடித்து நிறுத்தினாள்.

முடிந்ததும் கூப்பிட்டார்கள். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக இருந்தது. கை வைத்து வாழ்த்தினேன். எல்லோரும் வரிசையாக வந்து காலைத் தொட்டார்கள். மாமா தொட்டார். பிறகு, "நீயும் உழுந்து கும்புடு" என்று அக்காவை முன்னே தள்ளினார்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் குனிந்தாள். வகிட்டில் நரை தெரிந்தது. அவள் கை என் பாதத்தின் மேல் மற்றவர்கள் கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"சோறு துன்ட்டியா?" என்றாள்.

"நல்லா இரும்மா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.